மணிக்கூண்டும் விஜயராணியின் முகமும்

புத்தகங்களுக்குப் படம் வரையும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஒரு கோடு பிசகினால் திரையில் ஒரு தட்டுத் தட்டுகிறீர்கள், பிசகிய சுவடே இல்லாமல் போய்விடுகிறது. நான் கடைசிவரை தாளும் தூரிகையுமாகவே காலத்தை ஓட்டியவன். எங்கள் வேலையில் பிசகினால் மேலே வர்ணத்தைப் பூசி மூட வேண்டியதுதான். அடியில் இருந்தது போனது போனதுதான்.

ஓய்வு பெற்றவன் வாயைத் திறந்தால் சுயபுராணம்தான் என்று நீங்கள் கொட்டாவி விடத் தயாராவது தெரிகிறது. பயப்பட வேண்டாம். தூரிகையை எப்படிப் பிடிப்பது, வர்ணத்தை எப்படிக் குழைப்பது என்றெல்லாம் நான் வகுப்பெடுக்கப் போவதில்லை. விருது வாங்கிய கதையும் இல்லை, ஏனென்றால் நான் ஒன்றும் வாங்கவில்லை. என் கடைசிப் புத்தகத்தில் நான் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லப் போகிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது மடல் சூடாகிறது. எனக்கு வந்த மாதிரி ஒரு தொலைபேசி அழைப்பு உங்களுக்கும் ஒருநாள் வரும். அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

உலகத்தில் யார் யார் எப்படித் தேநீர் குடிக்கிறார்கள் என்று சிறுவர்களுக்குச் சொல்லும் படப் புத்தகம் அது. இரண்டு பக்கத்துக்கு ஒரு நாடு. பின்னால் அந்த நாட்டின் பேர்போன கட்டடமோ மலையோ இருக்கும். முன்னால் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வழக்கப்படி குடித்துக்கொண்டிருப்பார்கள். லண்டன் மணிக்கூண்டின் கீழே பால் ஊற்றிய தேநீரும் பிஸ்கட்டும். தாஜ்மகாலுக்கு முன்னால் மண் குவளையில் இஞ்சித் தேநீர். இஸ்தான்புல் மசூதிக்கு முன்னால் இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் குவளை. கடைசியாக நம்முடைய இலங்கைப் பக்கம். பின்னால் சிவனொளிபாத மலை, முன்னால் தேயிலைச் செடிகளும் நம் ஆட்களும். அச்சாகி வந்தபின் நம் பள்ளிக்கூட நூலகங்களுக்கெல்லாம் ஒவ்வொரு பிரதி போகும் என்றார்கள்.

நம் பக்கத்தைத் தவிர மற்ற ஊர்களில் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. ஹட்டனில் என் வீட்டு முன்னறையில் மேசையைப் போட்டு, புகைப்படங்களைச் சுற்றிப் பரப்பிக்கொண்டு உலகத்தைச் சுற்றினேன். வெளியே மூன்று மாதம் மழை கொட்டியது. உள்ளே நான் பிரமிட்டுக்கு வெயில் போட்டுக்கொண்டிருந்தேன்.

லண்டன் மணிக்கூண்டை வரைந்து அனுப்பிய மறுவாரம் கொழும்பிலிருந்து பதிப்பாசிரியர் அழைத்தார். இளவயதுப் பெண், வேலையில் சுத்தம், பேச்சில் மரியாதை.

“சேர், மணிக்கூண்டில ஒரு வரிசை ஜன்னல் குறையுதாம். லண்டன்ல இருக்கிற எங்கட சொந்தக்காரர் ஒருவருக்குப் படத்தை அனுப்பிக் காட்டினேன். பாத்த உடனேயே பிடிச்சிட்டார்.”

புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், குறையத்தான் செய்தது. அந்தப் பக்கத்தையே கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து வரைந்தேன். அதற்குப் பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் நான் எந்தக் கட்டடத்தையும் தொடவில்லை. தாஜ்மகாலின் வளைவுகளையும் மசூதியின் கோபுரங்களையும் எண்ணி எண்ணிப் போட்டேன். ஒரு கல் கூட இடம் மாறக் கூடாது என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. வேலையில் அப்படி ஒரு வெறி வருவது நல்லதுதான், நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

நம்முடைய பக்கத்துக்கு மட்டும் புகைப்படம் எதுவும் வேண்டாம், நேரிலேயே போய் வரைவது என்று தீர்மானித்தேன். நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவன். பெண்கள் கொழுந்து பறிக்கும்போது காலையில் ஒரு இடைவேளை விடுவார்கள். செடிகளுக்கு நடுவே கல்லில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுவந்த சாயத் தண்ணியைக் குடிப்பார்கள். பால் கிடையாது. சீனியைக் கலக்கவும் மாட்டார்கள். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டி வைத்துக்கொண்டு, அதை நாக்கால் தொட்டுத் தொட்டு ஒரு மடக்கு, ஒரு மடக்காகக் குடிப்பார்கள். உலகத்துக்கே தேயிலை அனுப்புகிறவர்கள் தேநீர் குடிக்கும் விதம் அதுதான். அதை வரைய வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

கங்காணியிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். அங்கேதான் விஜயராணியைச் சந்தித்தேன். நாற்பது வயதைத் தாண்டியவர். வெயிலும் பனியும் மாறி மாறி அடித்துக் கறுத்த முகம், கன்னத்து எலும்பில் மங்கு படிந்திருந்தது. சிரித்தால் முன்பற்களுக்கு நடுவே ஒரு இடைவெளி தெரியும். வாய் ரொம்ப நீளம். நான் போன நேரத்தில் பாதையோரம் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கிய வெள்ளைக்காரத் தம்பதி பெண்களைப் படம் எடுத்துவிட்டுக் கைகாட்டிக்கொண்டே போனார்கள்.

“பாத்தீங்களா சார்? தெனம் இதே கூத்துதான்,” என்றார் விஜயராணி. “சிரின்னா சிரிக்கிறோம், கூடைய இப்பிடித் திருப்புன்னா திருப்புறோம். எத்தன பேரு புடிச்சிட்டுப் போயிருக்காங்க! ஒரு படமாச்சும் திரும்பி வந்திருக்கா? எந்த ஊர்ல எந்தச் சொவத்துல தொங்குறேன்னு எனக்கே தெரியாது.”

கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

“நீங்க வரையிறதும் அப்பிடியே போயிரும்,” என்றார்.

“இது போகாது தங்கச்சி. இது திரும்பி வரும். ஒங்க புள்ள படிக்கிற ஸ்கூலுக்கே புத்தகமா வரும்.”

“நெசமாவா சார்?”

“நெசமாத்தான். ஒங்க மூஞ்சி ஒங்க கைக்கே வரும்.”

இதைச் சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது. யாரோ ஊர்பேர் தெரியாதவன் கொடுக்கும் வாக்கு இல்லை, தோட்டத்தில் பிறந்தவன் கொடுக்கும் வாக்கு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

இரண்டு நாள் இடைவேளைகளில் உட்கார்ந்து வரைந்தேன். இரண்டாவது நாள் சனிக்கிழமை. ஆறாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள் திவ்யா, அம்மாவுக்கு ரொட்டி கொண்டுவந்தவள், என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் விஜயராணி கல்லில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கையில் பழைய சோடாப் போத்தல், மறு உள்ளங்கையில் சீனி. தொண்டையில் சூடு இறங்கும் சுகத்தில் கண்கள் பாதி மூடியிருக்கின்றன. களைப்பும் இருக்கிறது, அந்த ஒரு நிமிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத பிடிவாதமும் இருக்கிறது. நான் வரைந்த முகங்களில் அதுதான் உருப்படியானது என்று இப்போதும் சொல்வேன்.

“அம்மா! ஒன்னய அப்பிடியே உரிச்சு வச்சிருக்காரு,” என்று திவ்யா கத்தினாள். விஜயராணி எழுந்து வந்து பார்த்தார். சீனி ஒட்டிய கையைச் சீலையில் துடைத்துவிட்டு, படத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

வீட்டில் வைத்து வர்ணம் தீட்டி, பின்னால் மலையையும் போட்டு முடித்தேன். ஹட்டன் பஸார் கடையில் நகலெடுத்து மின்னஞ்சலில் கொழும்புக்கு அனுப்பினேன். மறுநாள் மதியம் அந்த அழைப்பு வந்தது.

“சேர், பக்கம் நல்லா வந்திருக்கு. ரெண்டு விஷயம்தான். அந்தப் பிளாஸ்டிக் போத்தல் வேண்டாம், பீங்கான் கோப்பை போடுவமா? கையில சீனி வச்சு நக்கிறதும் பிள்ளைகள் பாக்கிற புத்தகத்துக்கு அவ்வளவு சரியா இருக்காது.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “மொரோக்கோக்காரன் ஒரு முழ உயரத்திலேர்ந்து ஊத்துறத போட்டோம், அது சரியா? இது எங்க வழக்கம். பீங்கான் கோப்பை துரை பங்களாவுல இருக்கும், மலையில இருக்காது. போத்தலை எடுத்தா இந்தப் பக்கமே வேணாம்.” கத்தியே விட்டேன் என்று நினைக்கிறேன்.

அவர் விட்டுக்கொடுத்தார். “சரி சேர். போத்தலும் சீனியும் அப்படியே இருக்கட்டும். முகத்தை மட்டும் பாருங்கோவன்.”

“முகத்துக்கு என்ன?”

“களைச்சு, கறுத்துப்போய் இருக்கு. மற்ற நாட்டுப் பக்கத்தில எல்லாரும் எவ்வளவு சந்தோஷமா இருக்கிறாங்க. நம்ம நாட்டுப் பக்கம் வரேக்க பிள்ளைகளுக்குச் சோகமா இருக்கக் கூடாதில்லையா? கொஞ்சம் வெளிச்சமா, சிரிச்ச முகமாப் போட்டுத் தாங்க. இன்றைக்கே அனுப்பினா நாளைக்கு அச்சுக்குக் குடுக்கலாம். அங்க எல்லாரும் இதுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறாங்க.”

நான் சரி என்றேன். இதுதான் நடந்தது. யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஒரு நாள் தாருங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று கேட்டிருந்தால் அந்தப் பெண் கொடுத்திருப்பார், அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. விஜயராணிக்கு ஒரு அழைப்பு எடுத்துக் கேட்டிருக்கலாம், அவருடைய எண் என் தொலைபேசியிலேயே இருந்தது. நான் எதையும் செய்யவில்லை. போத்தலை வென்றுவிட்டேன், சீனியை வென்றுவிட்டேன், மலையகத்தின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற மிதப்பில் இருந்தேன். பேரத்தில் ஒன்றை வென்ற சந்தோஷத்தில் எதைக் கொடுத்தோம் என்று பார்க்காமல் விடுவது நம் தொழிலில் அடிக்கடி நடக்கும். நம்முடைய பொருள், நம்முடைய வழக்கம் என்றால் எங்கள் ஆட்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். அந்தப் பொருளைப் பிடித்திருக்கும் ஆளுக்கு அதே ரோஷத்தைக் காட்ட நான் மறந்துபோனேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் சப்பைக்கட்டாகிவிடும். அவர் “கறுத்துப்போய்” என்றதும் நான் மேசையில் இருந்த மூலப்படத்தைத் திரும்பிப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் பட்டது. காலையில் வரைக்கும் எனக்குப் பிடித்திருந்த முகம், ஒரே நொடியில், திருத்த வேண்டிய முகமாகிப்போனது. என்னைப் பெற்றவளின் முகமும் அதே நிறம்தான். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, மலை ஏறி, அந்த நிறத்தோடுதான் என்னைப் படிக்க வைத்தாள். அதை நினைத்தும் என் கை நிற்கவில்லை.

வர்ணத்தைக் குழைத்து அதன்மேலேயே பூசினேன். மாநிறத்துக்கும் ஒரு படி மேலான நிறம், முழுதாகத் திறந்த பெரிய கண்கள், வரிசை தவறாத பல். தேயிலைப் பெட்டிகளில் சிரித்துக்கொண்டிருக்குமே ஒரு பெண், அவள்தான். அவளை வரைய யாரையும் பார்க்கத் தேவையில்லை, கை தானாகப் போட்டுவிடும். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்து கொழும்புக்குப் போய்விட்டது.

புத்தகம் வந்தது. எனக்குத் தந்த பிரதிகளில் ஒன்றை விஜயராணிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் மழை என்றேன், அடுத்த வாரம் முழங்கால் வலி என்றேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள், எனக்கு நானேதான். கடைசியில் அவரே அழைத்தார்.

“சார், பொஸ்தகம் ஸ்கூலுக்கு வந்திருச்சு.”

“அப்பிடியா தங்கச்சி.”

“ஒருக்கா வந்துட்டுப் போங்க.” அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

மஸ்கெலியா பஸ்ஸில் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். விஜயராணி வேலை முடிந்து வந்து முகம் கழுவியிருந்தார். லயத்து வாசலில் நாற்காலியைப் போட்டு, முதலில் தேத்தண்ணி கொடுத்தார். அதே வரிசையில் பக்கத்துக் காம்பராக்களில் குடியிருந்தவர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். வகுப்பு டீச்சரிடம் கேட்டு வாங்கி வந்த புத்தகத்தை விரித்து என் மடியில் வைத்தார்.

“சீல என்னுது. போத்தல் என்னுது. இந்தக் கையும் என்னுதுதான். இந்தா, செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பக் கூட விடாமப் போட்டிருக்கீங்க. இந்த மூஞ்சி யாருது சார்?”

அவர் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி மணிக்கூண்டில் நிறுத்தினார்.

“இது லண்டன்ல இருக்கில்ல?”

“ஆமா.”

“அங்க இது இதே மாதிரித்தான் இருக்குமா?”

“இதே மாதிரித்தான்.”

“ஒண்ணும் மாத்தலியா?”

“இல்ல.”

“ஏன் மாத்தல?”

“மாத்துனா தப்புன்னு சொல்லுவாங்க.”

“யாரு சொல்லுவாங்க?”

“அந்த ஊர்க்காரங்க.”

அவர் புத்தகத்தை மூடினார். “நாங்களும் ஊர்க்காரங்கதானே சார்,” என்றார்.

ஏன் மாற்றினேன் என்று அவர் அப்போது கேட்கவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் வாயை இறுக்கிக்கொண்டேன். அந்தக் கோழைத்தனம் மறுநாள் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன்.

“எனக்குன்னா போவுது, பரவால்ல,” என்றார். “இந்தப் புள்ள ஸ்கூல் பூரா சொல்லி வச்சிருச்சு, எங்க அம்மா பொஸ்தகத்துல வரப்போவுதுன்னு. டீச்சரும் எல்லாருக்கும் முன்னால தொறந்து காட்டியிருக்காங்க. பாத்துட்டு அம்புட்டுப் பேரும் சிரிச்சிருக்குக. இப்ப இது பேரே புளுகுணியாம். ரெண்டு நாளாப் போக மாட்டேன்னு படுத்துக் கெடக்குது.”

திவ்யா உள்ளே கதவோரம் நின்றிருந்தாள். அன்றைக்கு என் தோளுக்குப் பின்னால் நின்று கத்திய பிள்ளை, என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நீங்க நாளைக்கு ஸ்கூலுக்கு வந்து சொல்லணும் சார்.”

“என்ன சொல்லணும் தங்கச்சி?”

“உள்ளதச் சொல்லுங்க. எம் புள்ள புளுகல. அது போதும்.”

அன்று மாலையே பதிப்பாசிரியரை அழைத்து நடந்ததைச் சொன்னேன். உண்மையாகவே வருந்தினார். அடுத்த பதிப்பு வந்தால் மாற்றிவிடலாம் என்றார். வரும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது ஒரு வழி தோன்றியது. அச்சகத்தில் தவறு நடந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் என்ன? திவ்யாவின் பெயர் சரியாகிவிடும். விஜயராணியின் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டியிராது. என் மானமும் தப்பும். எல்லோருக்கும் நல்லது என்று தோன்றும் பொய்தான் எப்போதும் சட்டென்று வாயில் வரும். நீர்த்தேக்கத்தைச் சுற்றி வளைந்து பஸ் போய்ச் சேர்வதற்குள் வார்த்தைகளைத் தயாராக்கிவிட்டேன்.

ஆறாம் வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்குக் குறையாமல் இருந்தார்கள். திவ்யா நடு வரிசையில் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். டீச்சர் என்னை அறிமுகப்படுத்தியதும் பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். லண்டன் படம் ரொம்ப அழகு சார் என்று ஒருத்தி சொன்னாள். அந்த நேரத்தில் அந்தப் பாராட்டைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

“திவ்யா சொன்னது உண்மை,” என்று ஆரம்பித்தேன். “அந்தப் படத்துல இருக்கிறது திவ்யாவோட அம்மாதான். நான் அவங்க முன்னால ஒக்காந்து, அவங்களப் பாத்துத்தான் வரஞ்சேன்.”

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசைப் பையன் ஒருவன் டீச்சர் மேசையில் இருந்த புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டான். “அப்ப மூஞ்சி வேற யாரோ மாதிரி இருக்கே சார்?”

“அச்சடிக்கிற எடத்துல மாறிப்போச்சு.”

“மத்த நாட்டுப் படமெல்லாம் சரியாத்தானே சார் வந்திருக்கு? இது மட்டும் எப்பிடி மாறும்?”

நான் ஏதோ மழுப்பினேன். இயந்திரம், வர்ணம் என்று உளறினேன். பின்வரிசையில் ஒரு குரல் எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னது: “திவ்யாவுக்காகச் சார் சும்மா சொல்றாருடா.”

அங்கங்கே சிரிப்புக் கேட்டது. திவ்யாவின் தலை இன்னும் கீழே போனது. அவளைப் புளுகுணி என்று சொன்னவர்கள் வாயை அடைக்க வந்தவன், என் புளுகால் அதையே உறுதிப்படுத்திவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வாய் திறக்க முயன்றபோது கதவுப் பக்கம் அசைவு தெரிந்தது. விஜயராணி வந்து நின்றார். இடைவேளையில் மலையிலிருந்து நேராக இறங்கி வந்திருக்கிறார். தலையில் துணி, இடுப்பில் ஈரம் படாமல் சுற்றிய படங்குத் துணி, கால்களில் சேறு. உள்ளே வராமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, சொல்லுங்க என்பது போல என்னைப் பார்த்தார். என்ன சொல்லப் போகிறேன் என்று அவருக்குத் தெரியாது. முந்தின நாள் லயத்து வாசலில் அவரிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டியதை, இப்போது அவர் காதுபடப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியிருந்தது.

“நான் இப்ப சொன்னது பொய்,” என்றேன். “அச்சுல ஒண்ணும் மாறல. நான்தான் மாத்தினேன். மொதல்ல திவ்யாவோட அம்மா முகத்த உள்ளபடி வரஞ்சேன். திவ்யா அதப் பாத்திருக்கா. அப்புறம் புத்தகம் போடுற எடத்துல, அந்த முகம் கறுப்பா இருக்கு, களைச்ச மாதிரி இருக்கு, வேற போடுங்கன்னு கேட்டாங்க. நான் முடியாதுன்னு சொல்லல. அவங்க முகத்து மேலேயே வர்ணம் பூசி வேற முகம் வரஞ்சுட்டேன்.”

சொல்லி முடித்ததும் வகுப்பில் இருந்த அத்தனை பிள்ளைகளும் ஒன்றாகத் திரும்பி விஜயராணியின் முகத்தைப் பார்த்தார்கள்.

அதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. பிள்ளைகள் கெட்ட எண்ணத்தில் பார்க்கவில்லை. ஒரு முகம் கறுப்பு, களைப்பு என்று ஒரு பெரிய மனிதன் சொன்னால் எவரும் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். கறுப்பா, களைப்பா என்று அவர்கள் கண்கள் அந்த முகத்தில் தேடுவதைப் பார்த்தேன். டீச்சர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். விஜயராணியின் கை முந்தானையை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனது. மூடிக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போயிருந்தால் நான் அந்த வகுப்பிலிருந்து எப்படி வெளியே வந்திருப்பேன் என்று தெரியாது.

அவர் முந்தானையை விட்டுவிட்டார். தலையில் கட்டியிருந்த துணியையும் அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். சேற்றுக் காலோடு வகுப்புக்குள் வந்து, பிள்ளைகளுக்கு நேராகக் கரும்பலகைக்கு முன்னால், என் பக்கத்தில் நின்றார். அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

“நல்லாப் பாத்துக்கங்க,” என்றார். “அந்தப் பொஸ்தகத்துல வந்திருக்க வேண்டிய மூஞ்சி இதுதான். எம் புள்ள புளுகல.”

பிள்ளைகள் பார்த்தார்கள். பின்வரிசையில் எழுந்து நின்று பார்த்தார்கள். திவ்யா மேசையிலிருந்து தலையைத் தூக்கித் தன் அம்மாவைப் பார்த்தாள். இரண்டு நாள் எதிரே உட்கார்ந்து அந்த முகத்தைக் கோடு கோடாகப் பார்த்தவன் நான். அன்றைக்கு அந்த அறையில் அதைப் பார்க்க முடியாமல், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான் ஒருவன்தான்.